ஏழு இடத்தில் போட்ட கையெழுத்து

அத்தியாயம் 17

கொட்டேஷனை பாங்க் வாசலில் நிற்க வைத்துவிட்டு நான் ஒரு வாரமாக எங்கே போனேன் என்று கேட்டு மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரு வாசகி, 'வெயிலில் நிற்கிறாளே, உள்ளேயாவது அனுப்பியிருக்கக் கூடாதா?' என்று எழுதியிருக்கிறார். இதோ அனுப்பிவிடுகிறேன் அம்மா. ஆனால் உள்ளே போன பிறகு என்னைத் திட்டக் கூடாது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. கொட்டேஷன் என்பது அவள் ஆஸ்பத்திரியின் கொள்முதல் பிரிவில் சம்பாதித்த பெயர். பஞ்சு வாங்கினாலும் பக்கெட் வாங்கினாலும் மூன்று இடத்தில் விலை கேட்பாள். அதைக் கையெழுத்தும் முத்திரையும் போட்ட தாளில் வாங்கிக் கோப்பில் சேர்க்காமல் ஒரு காசு வெளியே போகாது. பத்தொன்பது வருடமாக இப்படித்தான்.

அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்குகிற மனிதர், தான் குடியிருப்பது லிப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில். இதைச் சொல்லி யாராவது சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்த நாலாவது மாடியில் அவருடைய அக்கா, கொட்டேஷனுக்கு அண்ணி, முழங்கால் இரண்டும் போய் உட்கார்ந்திருக்கிறாள். அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் முப்பது வருடம் நின்றபடியே துணி மடித்தவள். அவள் தெருவைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது.

அவளுக்காகத்தான் அந்தத் தரைத்தள வீட்டை விலை பேசியது. இரண்டு அறை, வாசலிலேயே குழாய், படி என்ற பேச்சே கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருடைய சொத்து. அண்ணி வேலையை விட்டபோது கையில் வந்த எட்டு லட்சத்தையும் முன்பணமாகக் கொடுத்தாயிற்று. ஒப்பந்தம் அறுபது நாளுக்கு. அதற்குள், மீதிப் பணத்துக்குக் கடன் கிடைத்துவிட்டது என்று ஒரு கடிதம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எட்டு லட்சமும் கடைக்காரருக்கு.

இன்று அறுபதாவது நாள். கடிதத்தைச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் கடையில் கொடுத்தாக வேண்டும்.

*

"உக்காருங்க மேடம். சார், நீங்களும்."

கடன் அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. நல்ல பெண். அவள் முகத்தைப் பார்த்ததுமே லிப்ட்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கொட்டேஷனுக்குப் புரியவில்லை, ஏனென்றால் அவள் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நோட்டைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். கடன் கொடுக்கிற ஏழு இடங்களுக்கு ஏழு வரி. வட்டி எவ்வளவு, அது ஏறி இறங்குமா, கட்டணம் என்ன, முன்னாலேயே அடைத்தால் அபராதம் உண்டா என்று கட்டம் கட்டமாகப் போகும். கடைசிக் கட்டம் அவளே கண்டுபிடித்தது. ஒரே கேள்வியைப் பத்து நாள் விட்டு இரண்டு தடவை கேட்பாள். பதில் மாறாவிட்டால் டிக். மாறினால் பெருக்கல் குறி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொன்னவர்கள் இவளைப் பார்த்திருந்தால், கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று வருந்தியிருப்பார்கள்.

இந்த பாங்குக்கு எல்லாக் கட்டத்திலும் டிக். வட்டியும் இங்கேதான் குறைவு.

"ஸாரி மேடம். ஹெட் ஆபீஸ்ல நிறுத்திட்டாங்க."

"நிறுத்திட்டாங்கன்னா? போன வாரம் கிடைச்ச மாதிரிதான்னு சொன்னீங்களே."

"சொன்னேன். அப்ப நான் பாத்தது உங்க பழைய கிரெடிட் ஸ்கோர். எழுநூத்தி அறுபது இருந்துச்சு. நேத்து புதுசா எடுத்தா அறுநூத்தி எண்பது."

"ஒரு தவணைகூட நாங்க தவறினதில்லைங்க" என்றார் லிப்ட்காரர். "ஃப்ரிட்ஜுக்கு வாங்கினதைக்கூட ரெண்டு மாசம் முன்னாடியே அடைச்சோம்."

"தவணையில ஒண்ணும் குறை இல்ல சார்." அந்தப் பெண் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். "ரெண்டு மாசத்துல ஏழு இடத்துல கடனுக்கு மனு போட்டிருக்கீங்க. ஏழு பேரும் உங்க கணக்கை எடுத்துப் பாத்திருக்காங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கு."

"மனு இல்லம்மா. நான் விலைதான் கேட்டேன்."

"வாயால கேட்டா இப்படி வராது மேடம். ஏழு இடத்துலயும் கையெழுத்து போட்டிருக்கீங்க."

போட்டிருந்தாள். வாயால் சொன்ன விலை அவளுக்கு விலையே இல்லை. எழுதிக் கொடுங்கள் என்று ஏழு இடத்திலும் நின்றாள். படிவத்தில் கையெழுத்து போட்டால்தான் எழுதித் தருவோம் என்று ஏழு பேரும் சொன்னார்கள். படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், உங்கள் கடன் கணக்கை எடுத்துப் பார்க்கச் சம்மதிக்கிறீர்கள் என்று பொடி எழுத்தில் இருந்ததை அவள் படிக்காமலும் இல்லை. தாராளமாகப் பாருங்கள் என்று நினைத்தாள். மடியில் கனமில்லை, வழியில் பயம் எதற்கு?

"ஹெட் ஆபீஸ்ல இருக்கறவங்க இதைப் பாத்தா என்ன நினைப்பாங்க மேடம்? ஏழு இடத்துல கேட்டிருக்காங்க, ஏழு பேரும் குடுக்கலை, ஏதோ விவகாரம் இருக்குன்னுதானே?"

"ஏழு பேரும் குடுக்கறேன்னுதான் சொன்னாங்க! இதுல யாரு நம்பகமானவங்கன்னு நான்தான் பாத்துட்டிருந்தேன்."

"அது இந்தத் திரையில வராது மேடம்" என்றாள் அந்தப் பெண். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது என்பது, கொட்டேஷனுக்கு அன்று கிடைத்த முதல் ஆறுதல்.

*

பாங்கின் படிக்கட்டில் உட்கார்ந்தே நோட்டில் இருந்த மற்ற ஐந்து பேருக்குப் போன் செய்தாள். மூன்று பேர் முடியாது என்றார்கள். நாலாவது ஆள், முடியும், ஆனால் மறுபடி முதலிலிருந்து புதுப் படிவம் போட வேண்டும் என்றான். ஐந்தாவது இடத்தில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

லிப்ட்காரர் பக்கத்தில் நின்று, போகிற வருகிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஏதாவது சொல்லுங்களேன்."

"என்ன சொல்றது? ஆபீஸ்ல மூணுதானே வழக்கம். ஏன் ஏழுக்குப் போன?"

"பஞ்சு வாங்கறதுக்கே மூணு பாக்கறோம். இது அண்ணியோட பணம். மூணு போதும்னு எனக்கு மனசு வரலைங்க."

அவர் தலையாட்டினார். அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதுதான் கொடுமை.

"நான் ஒருத்தரைப் பாத்துட்டு வரேன்" என்றார். "கூட வேலை செய்றவன் சொன்னான். தனியார் ஃபைனான்ஸ். ஸ்கோரெல்லாம் ரொம்பப் பாக்க மாட்டாங்களாம். கையோட லெட்டர் குடுப்பாங்களாம்."

"வட்டி எவ்வளவுன்னு கேட்டீங்களா?"

"தலைக்கு மேல வெள்ளம் போகுது. சாண் என்ன, முழம் என்ன?"

அவர் பஸ் ஏறினார். ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. இதை நான் குறித்து வைக்கிறேன், அவள் அப்போது கவனிக்கவில்லை.

*

ஏழில் ஆறு ஆயிற்று. நோட்டில் மிச்சம் இருந்தது முதல் வரி. வீட்டுவசதிச் சங்கம். அதன் மேல் பெருக்கல் குறி.

டயர் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை, இரண்டு பீரோ, ஒரு செயலாளர். வழுக்கைத் தலையும் சட்டைப் பையில் மூன்று பேனாவுமாக இருக்கும் அந்த மனிதரிடம்தான் அவள் முதன்முதலில் போனாள். நம் கதையில் பத்தாவது அத்தியாயம். அன்று அவர் சொன்னது இதுதான். 'நாலு இடத்துல விசாரிங்கம்மா. தாராளமா விசாரிங்க. ஆனா ஃபாரத்துல கையெழுத்து மட்டும் ஒரு இடத்துல போடுங்க.'

கொட்டேஷனுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த கடையில் எழுதி வாங்காதே என்று ஒரு கடைக்காரன் சொன்னால், அவன் தராசில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். பத்தொன்பது வருட அனுபவம் அப்படித்தான் சொன்னது. வேறு எதுவும் கேட்காமல் பெருக்கல் குறி போட்டாள். அவரிடம் மட்டும் இரண்டாம் தடவை கேள்வி கேட்கப் போகவே இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தாள் என்று இதைத்தான் சொல்வார்கள். எனக்கே அவள் மேல் கோபம் வருகிறது, வாசகர்களுக்கு வராதா?

செயலாளர் எல்லாவற்றையும் கேட்டார். கணக்கை எடுத்துப் பார்த்தார். ஒரு பேனாவைக் கழற்றினார், மறுபடி மூடினார்.

"ஏழுல ஒண்ணு நம்ம சங்கத்துதும்மா. அன்னிக்கே போட்டீங்க. அதோட நின்னிருந்தா நான் முடிச்சுக் குடுத்திருப்பேன்."

"இப்ப முடியாதா சார்?"

"எழுநூறுக்குக் கீழ போனா கமிட்டியைக் கேக்கணும். கமிட்டி மாசத்துல ஒரு நாள்தான். இன்னும் பத்து நாள் இருக்கு. அப்பவும் என்னால உறுதி சொல்ல முடியாது."

"எனக்கு இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் சார்."

"அதான் சொல்றேன், பொய்யா ஒரு லெட்டர் அடிச்சுக் குடுக்க எனக்குத் தெரியாது. ஆறு மாசம் எங்கயும் போகாம இருந்தீங்கன்னா தானா ஏறிடும். அப்ப வாங்க. நானே செஞ்சு குடுக்கறேன்."

அவள் எழுந்துகொள்ளவில்லை. பழக்கம் விடுமா? "முன்னாலேயே அடைச்சா அபராதம் எவ்வளவு சார்?" என்று கேட்டாள்.

"மொத ரெண்டு வருஷம் ஒரு பர்சன்ட். அப்புறம் ஒண்ணும் கிடையாது. அன்னிக்கும் இதைத்தானே சொன்னேன்?"

ஆமாம். அன்றைக்கும் அதையேதான் சொல்லியிருந்தார். நோட்டில் அவள் கையெழுத்திலேயே இருந்தது. ஏழு பேரில் ஒரு புள்ளிகூட மாறாமல், கேட்காததையும் சேர்த்துச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

"அன்னிக்கு ஏன் சார் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லலை?"

"அழுத்திச் சொல்லியிருந்தா இன்னும் அதிகமா சந்தேகப்பட்டிருப்பீங்கம்மா."

அவள் அங்கேயே அழுதாள். கீழே டயர் கடையில் காற்று அடிக்கிற சத்தத்தில் அழுகை வெளியே கேட்கவில்லை. செயலாளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பீரோவைத் திறந்து எதையோ தேடுவதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

*

மணி மூன்றே முக்கால். வீட்டுப் படியை ஏறும்போது, அண்ணியிடம் எந்த வார்த்தையிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். நாலாவது மாடி வரை யோசிக்க நேரம் இருக்கிறது என்று நம்பினாள்.

இரண்டாவது மாடியிலேயே அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

வெளியே போகும்போது மட்டும் உடுத்துகிற புடவை. தலை வாரி, கைப்பையை மடியில் வைத்து, படி திரும்புகிற இடத்தில் சுவரோரமாகக் கால் நீட்டியிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. வியர்வைக்கு மேலே சிரிப்பு.

"என்ன அண்ணி இது! எப்படி வந்தீங்க?"

"உக்காந்து உக்காந்துதான். ஒவ்வொரு படியா. ரெண்டு மணிக்குக் கிளம்பினேன், முப்பத்தாறு படி வந்துட்டேன். இன்னும் முப்பத்தாறு. நீ லெட்டர் வாங்கிட்டு வந்ததும் ஒரு ஆட்டோ பிடிச்சு அந்த வீட்டை ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்னு நினைச்சேன். போட்டோவுலதானே பாத்திருக்கேன்."

கொட்டேஷன் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. நேரே சொல்லிவிட்டாள். பாங்க், ஏழு கையெழுத்து, ஸ்கோர், செயலாளர். தன் தப்பைத் தன் வாயாலேயே, ஒன்றும் விடாமல் சொன்னாள். அந்த ஒரு விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது.

அண்ணியின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. வந்த விருந்தாளி போல, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் போயிற்று.

"எட்டும் போச்சா?"

"அஞ்சு மணி வரைக்கும் போகலை அண்ணி. அவரு யாரையோ பாக்கப் போயிருக்காரு."

கீழே படியில் காலடி கேட்டது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க ஒருவர் ஏறி வந்தார். ஃபைனான்ஸ் கம்பெனி ஆள். லிப்ட்காரர் பெயரைச் சொல்லி, அவர் வீடு இதுதானா என்று கேட்டார்.

"சார் கையெழுத்து போட்டுட்டாரு. அவரு சம்பளம் மட்டும் போதாது, ஸ்கோர் இறங்கின மேடத்தைச் சேக்கவும் முடியாதுன்னு அக்காவைச் சேத்து எழுதியிருக்கு. அம்மா போட்டுட்டா நான் நேரா ஆபீஸ், அங்கேர்ந்து லெட்டர் கடைக்குப் போயிடும். அஞ்சுக்குள்ள குடுத்துடலாம்."

"வட்டி?" என்றாள் கொட்டேஷன்.

"பதிமூணரை."

"பாங்க்ல எட்டரைங்க. மாசம் பத்தாயிரம் கூட வருது! அண்ணி, போடாதீங்க. நாங்க ரெண்டு பேரும் சம்பாதிக்கறதுல பாதிக்கு மேல இதுக்கே போயிடும்."

"பேனா குடுப்பா" என்றாள் அண்ணி.

"நான் சொல்றதைக் கேளுங்க அண்ணி. என் மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பித்தானே எட்டு லட்சத்தையும் உன் கையில குடுத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. துணியை மடித்து வைப்பதுபோல அமைதியாகச் சொன்னாள்.  ஆனாலும் காகிதத்தைப் படிக்காமல் கொட்டேஷனால் இருக்க முடியாது. அண்ணி முதல் பக்கத்தில் கையெழுத்து போட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டாவது பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சத்தமாகப் படித்தாள்.

"'தவணை ஒன்று தவறினாலும், இணை மனுதாரரின் ஓய்வூதியம் வரவாகும் கணக்கிலிருந்து முழுத் தொகையையும் நேரடியாக எடுத்துக்கொள்ள அவர் சம்மதிக்கிறார்.' அண்ணி, இது உங்க பென்ஷன். உங்க மாத்திரைக்கு வெச்சிருக்கற காசு. மொத மாசமே கை வெச்சுடுவாங்க."

வந்தவர் ஹெல்மெட்டின் வாரைச் சரி செய்தார். "மணி நாலு பத்தும்மா" என்றார்.

அண்ணி இரண்டாவது பக்கத்தைக் கை நீட்டி வாங்கினாள். அந்த வரியை விரலால் தொட்டுப் படித்தாள். கையெழுத்து போட்டாள். மூன்றாவது பக்கம், நாலாவது பக்கம். சலவைப் பிரிவில் முப்பது வருடம் சம்பளப் பட்டியலில் போட்ட அதே கையெழுத்து.

ஆள் இரண்டு இரண்டு படியாகத் தாண்டி இறங்கிப் போனார்.

"ஏன் அண்ணி?"

"தம்பி ஓடி ஓடி இதை ஒண்ணைப் பிடிச்சுட்டு வந்திருக்கான். வேண்டாம்னு எப்படித் திருப்பி அனுப்பறது?" என்றாள் அண்ணி. "ஒண்ணு சொல்றேன், கேப்பியா? பென்ஷன் விஷயம் அவனுக்குத் தெரியாது. அவன் எந்தக் காயிதத்தை முழுசாப் படிச்சிருக்கான்? தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடுவான். சொல்லாத."

கொட்டேஷன் தலையாட்டினாள். ஆட்டி முடிப்பதற்குள் போன் அடித்தது. லிப்ட்காரர்தான்.

"ஆளு வந்தானா? அக்கா போட்டாச்சா?"

"போட்டாச்சு. இப்பதான் கிளம்பினாரு."

"அப்பாடா. நான் கண்ணாடிக் கடையிலதான் உக்காந்திருக்கேன். லெட்டர் வந்ததும் கையோட குடுத்துடறேன்."

அண்ணி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். கொட்டேஷனால் முடியவில்லை. இன்று ஒரு தப்பையாவது நிறுத்திவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

"என்னங்க, ரெண்டாம் பக்கத்துல அண்ணியோட பென்ஷனை எழுதியிருக்காங்க. உங்களுக்குத் தெரியாதுல்ல? உடனே அந்த ஆபீசுக்குப் போன் பண்ணுங்க. இன்னும் நேரம் இருக்கு, நிறுத்திடலாம்."

 கடையில் கண் பரிசோதனைக்கு வந்த யாரோ ஒருவர், எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிப்பது மட்டும் கேட்டது.

"என்னங்க?"

"தெரியும்மா." குரல் இறங்கியிருந்தது. "மத்தியானமே படிச்சேன். அதை எழுதலைன்னா குடுக்க மாட்டேன்னாங்க. எழுதிக்கோங்கன்னு நான்தான் சொன்னேன். அக்கா படிக்காமதான் போடும்னு நினைச்சேன்."

படிக்கட்டில் மெதுவாகப் பேசினாலே நாலு மாடிக்கும் கேட்கும். அண்ணிக்கு எல்லாம் கேட்டது. அவள் கையை நீட்டினாள். கொட்டேஷன் போனைக் கொடுத்தாள்.

அண்ணி அதைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அவள் திட்டப்போகிறாள் என்று கொட்டேஷன் நினைத்தாள். அந்தப் பக்கம் இருந்தவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

"ஏன்டா தம்பி" என்றாள் அண்ணி. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேடா."